சிறுநீரகத்தில் திசு இறப்பு: எதனால் வருகிறது, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீரக வார்டுக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பத்தார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ரவுண்ட்ஸ் அவசரத்தில் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்த நாட்கள் நிறைய. அந்த இரண்டு வரி அவர்களுக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரியும். அதனால் நிதானமாக இங்கே எழுதுகிறேன். உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும். இதை வைத்து மருந்தை நீங்களாக மாற்ற வேண்டாம்.

"கிட்னி அழுகிப்போச்சு" என்று சொல்லிவிட்டார்கள். முழுவதும் போய்விட்டதா?

முதலில் அந்த வார்த்தையை விட்டுவிடுவோம். மருத்துவர்கள் 'நெக்ரோசிஸ்' என்று எழுதுவதைத்தான் யாரோ 'அழுகல்' என்று மொழிபெயர்த்திருப்பார்கள். நெக்ரோசிஸ் என்றால் திசு இறப்பு. ரத்தம் போகாமலோ, நஞ்சு தாக்கியோ, கிருமி தாக்கியோ ஒரு பகுதியின் செல்கள் செத்துப்போவது. பெரும்பாலான நேரம் அங்கே அழுகலே கிடையாது.

அடுத்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "சிறுநீரகத்தில் எந்த இடம் டாக்டர்?" சிறுநீரை உருவாக்கும் நுண்குழல்களின் செல்கள் செத்திருந்தால் மூன்று வாரத்தில் எழுந்து வீட்டுக்குப் போகலாம். வெளிப்பட்டை முழுக்கச் செத்திருந்தால் வாழ்நாள் டயாலிசிஸ் வரை போகலாம். இரண்டுக்கும் பெயரில் 'நெக்ரோசிஸ்' இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு நோய்கள்.

சிறுநீரகத்துக்குத்தான் நிறைய ரத்தம் போகிறதே, பிறகு ஏன் திசு சாகிறது?

உண்மைதான். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல், இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. ஆனால் உள்ளே அது சமமாகப் பிரிவதில்லை.

காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தலைமடை வயலுக்குத் தண்ணீர் தாராளமாகப் பாயும். கடைமடைக்கு வந்து சேரும்போது கசிவுதான் மிஞ்சும். சிறுநீரகத்தின் வெளிப்பட்டையான கார்டெக்ஸ்தான் தலைமடை. வரும் ரத்தத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் அங்கேயே ஓடுகிறது. உட்பகுதியான மெடுல்லாவுக்கு மீதிதான். மெடுல்லாவில் கூம்புகள் போல 8 முதல் 18 பிரமிடுகள் இருக்கும். ஒவ்வொரு கூம்பின் நுனிக்கும் பாப்பில்லா என்று பெயர். சிறுநீர் சொட்டிச் சேகரமாகும் இடம் அது. அந்த நுனிதான் கடைமடையிலும் கடைசி வயல். நல்ல உடல்நிலையிலேயே அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவு.

ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்றால், சிறுநீரைக் கெட்டியாக்கும் வேலை மெடுல்லாவில் நடக்கிறது. அதற்கு அங்கே உப்பு குவிந்திருக்க வேண்டும். ரத்தம் வேகமாக ஓடினால் உப்பை அடித்துக்கொண்டு போய்விடும். எனவே மெதுவாகத்தான் ஓட முடியும். நாள் முழுக்க வெயிலில் நின்றும் உடம்பில் நீர் தங்குவது இந்த ஏற்பாட்டால்தான். அதற்கு விலை, எப்போதும் விளிம்பில் நிற்கும் ஒரு திசு.

டிஸ்சார்ஜ் அட்டையில் 'ஏடிஎன்' என்று போட்டிருக்கிறது. அது என்ன?

நுண்குழல் செல்களின் திடீர் இறப்பு. மருத்துவமனையில் நாங்கள் அதிகம் பார்க்கும் வகை இதுதான். வயிற்றுப்போக்கால் உடம்பு வற்றிப்போவது, ரத்தப்போக்கு, கிருமி ரத்தத்தில் பரவி பிரஷர் இறங்குவது, பெரிய ஆபரேஷன் இவையெல்லாம் வழக்கமான காரணங்கள். பிரஷர் இறங்கினால் மெடுல்லாவை ஒட்டி ஓடும் குழல்கள்தான் முதலில் தவிக்கும்.

தசை நசுங்கினாலும் வரும். 1940-41இல் லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, இடிபாடுகளில் மணிக்கணக்கில் கால் சிக்கியிருந்தவர்களை உயிரோடு மீட்டார்கள். காயம் தேறுவதுபோல் இருந்தது. ஆனால் சில நாட்களில் சிறுநீர் குறைந்து, நிறம் கறுத்து, இறந்துபோனார்கள். பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் 1941இல் அவர்களில் நான்கு பேரைப் பற்றி எழுதினார்கள். நசுங்கிய தசையிலிருந்து கசிந்த மயோகுளோபின் என்ற புரதம் நுண்குழல்களை நாசம் செய்திருந்தது. இன்று நிலநடுக்க இடிபாடுகளிலிருந்து ஆளை இழுக்கும் முன்பே சலைன் ஏற்றத் தொடங்குவது அந்த அனுபவத்தின் தொடர்ச்சி.

இதில் நல்ல செய்தி, நுண்குழல் செல்கள் திரும்ப வளரும். அடியில் இருக்கும் சவ்வு கிழியாமல் இருந்தால் உயிரோடு மிஞ்சிய செல்கள் பெருகி இடத்தை நிரப்பிவிடும். பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வாரம். இடையில் டயாலிசிஸ் தேவைப்படலாம். "ஒரு தடவை டயாலிசிஸ் போட்டா விடவே முடியாதாமே" என்று பயந்து கையெழுத்துப் போட மறுக்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து மறுக்காதீர்கள். ஏடிஎன்னில் டயாலிசிஸ் என்பது செல்கள் வளரும்வரை உயிரைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு. சிறுநீர் திரும்பியதும் பெரும்பாலோருக்கு நிறுத்திவிடுகிறோம். சிலருக்கு மட்டும் முழுமையாகத் திரும்புவதில்லை, அதனால் பின்தொடர்ந்து பார்ப்பது அவசியம்.

எந்த மருந்துகள் நுண்குழலைத் தாக்கும்?

ஜென்டாமைசின், அமிகாசின், கொலிஸ்டின், ஆம்ஃபோடெரிசின், சிஸ்பிளாட்டின், சிடி ஸ்கேனுக்கு ஏற்றும் டை. இவை தேவையான இடத்தில் உயிர்காக்கும் மருந்துகள். அளவையும், சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்தச் சோதனையையும் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மருந்தே அல்லாத ஒன்றைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். டைஎதிலீன் கிளைகால். தொழிற்சாலைக் கரைப்பான், லேசாக இனிக்கும், சிரப்பில் சேர்க்கும் கிளிசரின், புரொப்பிலீன் கிளைகால் இவற்றோடு கலப்படமாக வந்துவிடும். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபா மருந்தை இதில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2022இல் காம்பியாவில் குழந்தைகள். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். அந்த இருமல் மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். நுண்குழல் மட்டுமல்ல, கார்டெக்ஸும் இதில் கருகும். சாதாரணச் சளிக்கு சிரப் குடித்த குழந்தை வாந்தி எடுத்து, ஒரு நாளில் சிறுநீர் குறைந்தால், பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள்.

மூட்டு வலிக்கு வருடக்கணக்கில் மாத்திரை போடுகிறேன். இதனால் திசு இறக்குமா?

இறக்கலாம். கடைமடையை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கொஞ்சநஞ்ச ரத்தமாவது போய்ச்சேர புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருக்கிறது. வலிக்கும் வீக்கத்துக்கும் காரணமும் அதே புரோஸ்டாகிளாண்டின் குடும்பம்தான். டைக்ளோஃபினாக், ஐப்யூபுரோஃபென், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் எல்லாமே அதை அடக்கித்தான் வலியைக் குறைக்கின்றன. முழங்காலில் வலி குறையும். அதே நேரம் பாப்பில்லாவில் மதகு மூடும்.

இதை உலகம் கற்றுக்கொண்ட கதை நீளமானது, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். ஸ்வீடனில் ஹஸ்க்வர்னா என்ற தொழிற்சாலை ஊர். 1918 விஷக்காய்ச்சல் சமயத்தில் ஃபினாசிட்டின், ஃபினசோன், காஃபின் கலந்த ஒரு பவுடர் அங்கே புழக்கத்துக்கு வந்தது. காய்ச்சல் போயிற்று, பவுடர் போகவில்லை. வேலைக்குத் தெம்பு என்று தொழிலாளர்கள் தினமும் போட்டுக்கொண்டார்கள். பல ஆண்டுகள் கழித்து அந்த ஊரில் சிறுநீரகம் செயலிழந்து இறப்பவர்கள் அதிகம் என்று தெரியவந்தது. 1953இல் ஸ்விட்சர்லாந்தில் ஸ்பூலர், சோலிங்கர் என்ற இரு மருத்துவர்களும் இதே தொடர்பை எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் ஆஸ்பிரின், ஃபினாசிட்டின், காஃபின் கலந்த பொட்டலங்கள் பெட்டிக்கடை வரை கிடைத்தன. வீட்டுவேலைக்கு நடுவே பெண்கள் ஒன்று பிரித்துப் போட்டுக்கொள்வது பழக்கமாகவே இருந்தது. மெல்பர்னில் பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித் என்ற மருத்துவர், அவர்களில் பலருக்குப் பாப்பில்லா செத்திருப்பதைக் காட்டி, விற்பனையைக் கட்டுப்படுத்தச் சொல்லி ஆண்டுக்கணக்கில் போராடினார். 1970களின் இறுதியில் அந்தப் பொட்டலங்கள் கடைவிற்பனையிலிருந்து நீக்கப்பட்டன. பிறகு அந்த நோயும் அங்கே படிப்படியாகக் குறைந்தது.

நம் ஊரில் ஃபினாசிட்டின் இப்போது இல்லை. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் 'செட்' இருக்கிறது. இரண்டு மூன்று மாத்திரையை வெட்டி, பேப்பரில் மடித்துக் கொடுப்பார்கள். உள்ளே என்னவென்று வாங்குபவருக்குத் தெரியாது. வெயிலில் வேலை, தண்ணீர் குடிக்க நேரமில்லை, ராத்திரி ஒரு செட் என்பதுதான் எனக்கு மிகவும் பயமான கூட்டு. பிரஷருக்கு டெல்மிசார்டான் அல்லது எனலாப்ரில், கூடவே நீர் பிரியும் மாத்திரை, அதோடு வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

மருத்துவர் சொல்லி மூன்று நாள் போடும் மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு, உடம்பில் நீர் குறையாமல் இருந்தால், அது பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

பாப்பில்லா செத்திருப்பது எப்படித் தெரியும்?

சிலருக்கு எதுவுமே தெரியாது. இரவில் அடிக்கடி எழுந்து சிறுநீர் போவது மட்டும் இருக்கலாம். நுனி செத்தால் சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் முதலில் போகும், அதனால்தான். சிலருக்கு வலியே இல்லாமல் சிறுநீர் சிவக்கும். சிலருக்கு, செத்த நுனி உதிர்ந்து கீழே இறங்கி, குழாயில் மாட்டி, கல் போலவே விலாவிலிருந்து அடிவயிற்றுக்குச் சுருட்டி இழுக்கும்.

தையல் வேலை செய்யும் ஓர் அம்மாவை மறக்க முடியாது. ஐம்பதைத் தாண்டியவர். மூன்று முறை 'கல் வலி' என்று ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். எந்த ஸ்கேனிலும் கல் இல்லை. "இனிமே சிறுநீரை அப்படியே விடாதீங்கம்மா, வடிகட்டிப் பாருங்க" என்று ஒரு துண்டு காஸ் துணியும் மூடியுள்ள டப்பாவும் கொடுத்தேன். நான்காம் நாள் மகளோடு வந்தார். துணியின் நடுவில் ஊறின மொச்சைத் தோல் மாதிரி, சாம்பலும் பழுப்புமாக, நகக்கண் அளவில் ஒரு துண்டு. விரலால் தொட்டால் கல் போல நறநறக்கவில்லை, ரப்பர் மாதிரி அமுங்கியது. ஃபார்மலினில் போட்டு பேத்தாலஜிக்கு அனுப்பினோம். செத்துப்போன சேகரிப்புக் குழல்களின் நிழல் வடிவம் அதில் தெரிந்தது. அப்புறம்தான் அவர் சொன்னார், முதுகு வலிக்கு ஒன்பது வருடமாகத் தினமும் மாத்திரை. "மாத்திரை சாப்பிடுறீங்களா" என்று முதல் நாளே கேட்டிருந்தேன். "பிரஷர் மாத்திரை மட்டும்தான்" என்றிருந்தார். வலி மாத்திரையை அவர் மாத்திரையாகவே நினைக்கவில்லை. இப்போது நான் கேள்வியை மாற்றிவிட்டேன்: "உடம்பு வலிச்சா என்ன பண்ணுவீங்க?"

படத்தில் பார்க்க டை போட்டு எடுக்கும் சிடி யூரோகிராம் வேண்டும். உதிர்ந்த நுனியைச் சுற்றி டை தேங்கும்போது மோதிரம் போல வட்டம் தெரியும். ஓரம் அரித்திருந்தால் சிங்கி இறாலின் கொடுக்கு போலத் தெரியும். சாதாரண அல்ட்ராசவுண்டில் இது தப்பிப்போக வாய்ப்பு அதிகம்.

இந்த நோயை முதலில் எழுதியவர் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரீட்ரைக், 1877இல். அவர் பார்த்தது மாத்திரையால் வந்ததல்ல, சிறுநீர்ப் பாதை அடைப்பால் வந்தது. இன்றும் அந்தக் காரணம் அப்படியே இருக்கிறது. சிறுநீர்ப் பாதையை அழுத்தும் பெரிய புராஸ்டேட் சுரப்பியை வைத்துக்கொண்டு வெட்கப்பட்டு வராமல் இருக்கும் தாத்தாக்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

சர்க்கரை நோயாளிக்குக் குளிர் காய்ச்சலும் விலா வலியும். வெறும் யூரின் இன்ஃபெக்‌ஷன்தானா?

இருக்கலாம். ஆனால் சர்க்கரை இருப்பவரிடம் 'வெறும்' என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. சிறுநீரகத்தின் சிறு ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். மேலே கிருமித் தொற்றும் வீக்கமும் சேர்ந்தால் பாப்பில்லா சாகலாம். சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கவில்லையென்றால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

இன்னொரு கொடிய வடிவம், கிருமி சர்க்கரையை நொதிக்கவைத்துச் சிறுநீரகத்துக்குள்ளேயே காற்றை உண்டாக்குவது. எம்ஃபைசிமேட்டஸ் பைலோநெஃப்ரைட்டிஸ் என்பார்கள். வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள், கிருமி பெரும்பாலும் ஈ.கோலை. இங்கே உண்மையிலேயே திசு அழுகுகிறது. சிடியில் சிறுநீரகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் குமிழிகள் தெரியும். முன்பு உடனே சிறுநீரகத்தை எடுத்துவிடுவார்கள். இப்போது பலருக்கு ட்யூப் வைத்துச் சீழை வடித்தே காப்பாற்ற முடிகிறது, சீக்கிரம் வந்தால்.

நீலகிரியில் எங்கள் ஊர்ப் பையனுக்கு வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம். அரிவாள் செல் பரிசோதனை கேட்கிறார்கள். என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். அரிவாள் செல் என்பது பரம்பரையாக வரும் சிவப்பணுக் கோளாறு. இந்தியாவில் அரிவாள் செல் மரபணுவை முதன்முதலில் கண்டுபிடித்ததே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல், லேமன், கட்புஷ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள். ஆக்சிஜன் குறைந்து, உப்பு கூடி, அமிலத்தன்மை இருக்கும் இடத்தில் இந்தச் சிவப்பணு அரிவாள் போல வளையும். மெடுல்லாவில் இந்த மூன்றும் எந்நேரமும் இருக்கின்றன. வளைந்த அணுக்கள் நுண்ணிய குழாயை அடைக்க, நுனி சாகிறது, ரத்தம் கசிகிறது. வேறு எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஒரு மரபணு மட்டும் சுமப்பவருக்கும் இது வரும். கரைதிறன் சோதனையும், அதை உறுதிசெய்ய ஹெச்பிஎல்சி சோதனையும் செய்வார்கள். தயங்காமல் செய்துகொள்ளுங்கள்.

டிபியாலும் இந்தத் திசு இறப்பு வருமா?

வரும். சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய இருக்கும், கல்ச்சரில் எதுவும் வளராது. இப்படி இரண்டு முறை வந்தால் டிபியை நினைக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் அதிகாலைச் சிறுநீரைக் கேட்பார்கள். டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையும் உண்டு.

கண்ணாடி விரியன் கடித்து ஒரு வாரமாகியும் சிறுநீர் வரவில்லை. ஏன்?

எங்கள் வார்டில் வயல்காட்டு நோயாளிகளை அதிகம் கொண்டுவருவது இந்தப் பாம்பு. விஷம் ரத்தத்தின் உறையும் பொருட்களை ஒரேயடியாகத் தூண்டிவிடுகிறது. நுண்ணிய குழாய்களில் உறைவு படியும். மீதி ரத்தம் உறையும் சக்தியையே இழக்கும். பிரஷரும் இறங்கும். விஷம் நுண்குழலையும் நேரடியாகத் தாக்கும். பெரும்பாலோருக்கு ஏடிஎன், அதாவது திரும்பக்கூடியது. சிலருக்குக் கார்டெக்ஸே சாகிறது.

கடித்து வந்ததும் செய்யும் முதல் சோதனைக்கு இயந்திரமே வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம். அசைக்காமல் 20 நிமிடம். பிறகு சாய்த்துப் பார்ப்போம். கெட்டியாக நின்றால் நல்லது. தண்ணீர் போல ஓடினால் உடனே விஷமுறிவு மருந்து. பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் கூடாது, முடிவு தப்பாகும். அந்த 20 நிமிடம் குடும்பத்தார் "ஏன் சும்மா உட்கார வெச்சிருக்கீங்க" என்று கோபப்படுவார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கை எடுத்துத் தருவது சென்னையை அடுத்த வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அந்த மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் கேட்கும். இலங்கையிலும் கேரளப் பக்கமும் இருக்கும், மூக்கு நுனி மேலே தூக்கிய குழிவிரியனுக்கு இது கேட்காது. அதுவும் சிறுநீரகத்தைத் தாக்கும். அதற்குக் கவனித்துப் பார்ப்பதும் தேவைப்பட்டால் டயாலிசிஸும்தான் வழி.

மூன்று நான்கு வாரமாகியும் சிறுநீர் திரும்பவில்லையென்றால் ஏடிஎன் என்று சொல்லிக்கொண்டே காத்திருக்கக் கூடாது. டை போட்ட சிடியோ, ஊசியால் திசுத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சியோ தேவை.

பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமான பெண்ணுக்குச் சிறுநீர் நின்றுவிட்டது. திரும்பி வருமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வராது. கைக்குழந்தையை யாரோ வெளியே வைத்துக்கொண்டிருப்பார்கள்.

நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு, சீழ் பிடித்த கருச்சிதைவு இவற்றில் உடம்பெங்கும் ரத்தம் உறையத் தொடங்கும். அப்போது கார்டெக்ஸின் சிறு தமனிகள் அடைபட்டால் தலைமடையே காய்ந்துவிடும். கார்டெக்ஸ் நெக்ரோசிஸ் என்பது இதுதான். வடிகட்டும் முடிச்சுகளான கிளாமருலஸ்கள் கார்டெக்ஸில்தான் உள்ளன. அவை செத்தால் நுண்குழல் செல்போல முளைத்து வராது. 1886இலேயே பிரெஞ்சு மருத்துவர் ஜூயெல்-ரெனோய் விவரித்துவிட்ட நோய் இது. நம் நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் பெருகியதும் பாதுகாப்பான கருக்கலைப்பு வசதியும் இதைக் குறைத்திருக்கின்றன. ஆனால் நின்றுவிடவில்லை.

சொட்டு மூத்திரம்கூட இல்லாமல் நாட்கள் போவதுதான் பெரிய குறிப்பு. டை போட்ட சிடியில் படம் தலைகீழாக இருக்கும்: உள்ளே மெடுல்லா பளிச்சென்று ஒளிரும், வெளியே கார்டெக்ஸ் இருட்டாக, அதற்கும் வெளியே உறையை ஒட்டி மெல்லிய ஒளிக்கோடு. ஒருமுறை பார்த்தால் மறக்காது. வாரங்கள் கழித்து அந்த இருட்டுப் பட்டையில் சுண்ணாம்பு படிந்து, எக்ஸ்ரேயில் தண்டவாளம் போல இரு கோடுகள் தெரியலாம்.

திரும்புமா? சேதம் திட்டுத்திட்டாக இருந்தால் மிஞ்சிய பகுதி மெல்ல வேலை எடுத்துக்கொள்ளும், சிலர் மாதங்கள் கழித்து டயாலிசிஸிலிருந்து விடுபடுகிறார்கள். முழுக்கச் செத்திருந்தால் மாற்றுச் சிறுநீரகம்தான். எது என்று ஸ்கேனும் பயாப்சியும் சேர்ந்துதான் சொல்லும். அதனால் முதல் வாரத்தில் யாராவது உறுதியாக "வந்துவிடும்" என்றோ "வராது" என்றோ சொன்னால் அவசரப்பட்டு நம்பாதீர்கள்.

திடீர் விலா வலி, ஸ்கேனில் கல் இல்லை. வேறென்ன?

உதிர்ந்த பாப்பில்லாவை மேலே சொன்னேன். இன்னொன்று சிறுநீரக இன்ஃபார்க்ட். இதயம் தாளம் தப்பித் துடிப்பவருக்கு உள்ளே உறையும் ரத்தக்கட்டி கிளம்பி வந்து சிறுநீரகத் தமனியில் அடைக்கிறது. அது ஊட்டிய ஆப்பு வடிவப் பகுதி சாகிறது. கல்லுக்கென எடுக்கும் சிடி டை இல்லாதது, அதில் இது தெரியாது. ரத்தத்தில், செல்கள் செத்தால் கசியும் எல்டிஹெச் என்ற நொதி எக்கச்சக்கமாக ஏறியிருப்பது நல்ல துப்பு. நாடி ஒழுங்கற்றுத் துடிக்கிறதா என்று கையைப் பிடித்துப் பார்த்தாலே பாதி வழி தெரிந்துவிடும்.

கிரியேட்டினின் சரியாக இருக்கிறதே, அப்படியென்றால் பயமில்லையா?

அந்த எண் தாமதமாகத்தான் பேசும். திசு இன்று செத்தால் கிரியேட்டினின் ஏற ஒன்றிரண்டு நாளாகும். ஒரு சிறுநீரகத்தில் மட்டும் பிரச்சினை என்றால் மற்றது சமாளித்து, எண்ணைச் சாதாரணமாகவே காட்டும். 48 மணி நேரத்தில் 0.3 மில்லிகிராம் ஏறினாலே நாங்கள் திடீர்ப் பாதிப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். 0.7 இருந்தவருக்கு 1.1 வந்தால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வராது, ஆனால் அது ஏற்றம்தான். அதனால் பழைய ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

கிரியேட்டினினை முந்திப் பேசுவது சிறுநீரின் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே ஆறு மணி நேரம் போனால் எச்சரிக்கை.

சிறுநீர்ச் சோதனையில் என்ன பார்க்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. சூடு ஆறாத சிறுநீர் 10 மில்லி, ஐந்து நிமிடம் சுழற்றி, மேல்நீரைக் கொட்டி, அடியில் நின்ற சொட்டை ஸ்லைடில் வைத்தால் போதும். ஏடிஎன் என்றால் புதுவெள்ளத்துச் சேற்று நிறத்தில் உருளைகள் மிதக்கும். குழலுக்குள் செத்து விழுந்த செல்கள், குழலின் அச்சிலேயே வார்த்து வெளியே வந்தவை. சிவப்பணு உருளைகள் வந்தால் கதை வேறு, அது வடிகட்டியின் அழற்சி.

சிறுநீர்ச் சோடியத்தையும் பார்ப்போம். உடம்பில் நீர் குறைவு மட்டும்தான், குழல் உயிரோடு இருக்கிறது என்றால் அது உப்பைப் பிடித்து வைக்கும். வடிகட்டப்பட்ட சோடியத்தில் சிறுநீரில் வெளியேறும் பங்கு 1 சதவீதத்துக்குக் கீழே. குழல் செத்திருந்தால் பிடிக்க முடியாது, 2 சதவீதத்துக்கு மேலே போகும். நீர் மாத்திரை சாப்பிட்டவருக்கு இந்தக் கணக்கு ஏமாற்றும்.

டை ஏற்றினால் கிட்னி இன்னும் கெட்டுவிடாதா?

பயம் நியாயமானது, ஆனால் முன்பு நினைத்த அளவுக்கு ஆபத்து இல்லை. சிறுநீரக வேலை மிகவும் குறைந்திருப்பவரிடம்தான் யோசிக்கிறோம். கார்டெக்ஸ் இறப்பையோ இன்ஃபார்க்டையோ சந்தேகிக்கும்போது டை இல்லாத படம் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. அல்ட்ராசவுண்ட் டாப்ளர், குமிழி டை போட்ட அல்ட்ராசவுண்ட், டிஎம்எஸ்ஏ என்ற கதிரியக்க ஸ்கேன் என்று மாற்றுகளும் உண்டு.

பயாப்சி எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். காரணம் தெளிவாக இருந்து, சிறுநீர் திரும்பிக்கொண்டிருந்தால் தேவையில்லை. பாப்பில்லா பிரச்சினைக்கும் வழக்கமாகச் செய்வதில்லை; ஊசி எடுப்பது கார்டெக்ஸை, நோய் இருப்பதோ உள்ளே. வாரக்கணக்கில் சிறுநீர் வராதபோதும், காரணமே பிடிபடாதபோதும் செய்கிறோம். குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே பென்சில் முனை கனமுள்ள துண்டு எடுப்பார்கள். பிறகு அசையாமல் படுத்திருக்க வேண்டும். சிறுநீர் லேசாகச் சிவக்கலாம்.

முதல் முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது என்ன எடுத்து வரவேண்டும்?

பழைய கிரியேட்டினின் ரிப்போர்ட்டுகள், தேதியோடு. நேற்று காலையிலிருந்து இன்று காலை வரை போன சிறுநீரின் அளவு. வீட்டு அளவுக் குவளையில் பிடித்து நோட்டில் எழுதினால் போதும். வடிகட்டும்போது ஏதாவது துண்டு கிடைத்திருந்தால் டப்பாவில் போட்டு அதையும். அப்புறம் வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டையையும், காலியானவை உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். தைலம், லேகியம், சூரணம், பேப்பரில் மடித்த செட், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது எல்லாம். யாரும் திட்ட மாட்டார்கள். மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.